கைமாறும் துப்பாக்கி: விற்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

தூத்துக்குடி, விற்றுப் பழகிய ஊர். மன்னார் வளைகுடாவின் பார்களில் மூழ்கி எடுத்த முத்துச் சிப்பிகளை வாய் திறவாமலே ஆயிரம் ஆயிரமாகக் குவித்து ஏலங் கூறிய காலந் தொட்டு, சங்கும் உப்பும் கருவாடும் பருத்தியும் கப்பலேறிப் போகிற இந்நாள் வரையில், கைப்பொருளைக் கொடுத்துக் காசு வாங்குகிற வித்தையை இந்தக் கடற்கரைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அரசாங்கம் நடத்தி வந்த முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடைபெறவில்லை என்றாலும், அந்த வியாபாரத்தின் தர்மம் இன்னமும் ஜனங்களுடைய சுபாவத்தில் ஊறிக் கிடக்கிறது. ஏலம் முடிந்து பணம் கைக்கு வந்த க்ஷணத்திலேயே விற்றவனுக்கும் சிப்பிக்கும் இருந்த சம்பந்தம் அறுந்து போயிற்று. உள்ளே முத்து இருந்தால் வாங்கியவன் பாக்கியம், இல்லாவிட்டால் அவன் தலையெழுத்து. அந்த முத்து பின்னால் யார் கழுத்தை அடைந்தது என்று விற்றவனைத் தேடி வந்து எந்த அதிகாரியும் விசாரித்ததில்லை.

வீட்டில் உள்ள பொருள்களில் பெரும்பாலானவற்றை இந்தத் தர்மப்படியே விற்றுவிடலாம். ஆனால் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ஒன்றுக்கு மட்டும் இந்தத் தர்மம் சிறிதும் பொருந்தாது. அது பணம் கைமாறுவதால் கைமாறுவதில்லை. சர்க்கார் ஏட்டில் ஒரு பெயர் அடிக்கப்பட்டு இன்னொரு பெயர் எழுதப்படுவதால்தான் கைமாறுகிறது. அந்த எழுத்து விழாத வரையில், அது யாருடைய வீட்டில் இருந்தாலும், யாருடைய கையில் வெடித்தாலும், அதனால் யார் உயிர் போனாலும், ஏட்டில் எவன் பெயர் இருக்கிறதோ அவனுடைய வாசலில்தான் போலீஸ் வண்டி முதலில் வந்து நிற்கும். ஆயுதமும் அதன் பெயரும் ஒரு நாள்கூடப் பிரிந்திருக்கலாகாது என்பதே இந்த விஷயத்தின் சாரம். விற்பவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள் எல்லாம் இந்த ஒரு விதியின் விரிவுரைகளே.

இந்த விதியின் வேரைத் தேடிப் போனால், அதுவும் இதே ஜில்லாவின் மண்ணிலேதான் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதற்கும், 1801-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை மறுபடி எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை அதே ஆண்டு மே மாதத்தில் வீழ்ந்ததற்கும் பிறகு, சென்னைக் கவர்னராக இருந்த கிளைவ் பிரபு 1801 டிசம்பர் 1-ஆம் தேதி ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்களைச் சார்ந்த ஜனங்களும் ஈட்டியும் துப்பாக்கியும் தரிப்பது அதன் மூலம் தடை செய்யப்பட்டது, கோட்டைகள் தரைமட்டமாக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக ஆயுதத்தைக் குல தெய்வத்துக்குச் சமமாகப் பூஜித்து வந்த ஒரு சமூகம், அதை வைத்துக்கொள்ள அந்நியனுடைய அநுமதியை எதிர்நோக்கும் நிலைக்கு வந்தது. 1878-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம் இந்த நிலையைத் தேசம் முழுமைக்கும் விரித்தது; இந்தியனுக்கு லைசென்ஸ், ஐரோப்பியனுக்கு விலக்கு என்ற அதன் பாரபட்சத்தால் நம் முன்னோர்களின் மனம் எரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் சந்திப்பில் வாஞ்சிநாதன் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டபோது, சுட்டவன் யார் என்ற கேள்விக்கு அவனுடைய உடலே பதிலாகக் கிடந்தது. ஆகவே போலீசார் அவனோடு நிற்கவில்லை; அவனுக்குத் துணை நின்றவர் எவர், பயிற்சி தந்தவர் எவர், அந்நிய நாட்டில் செய்யப்பட்ட அந்தக் கைத்துப்பாக்கி எந்தெந்தக் கைகளைக் கடந்து மணியாச்சிக்கு வந்தது என்று பின்னோக்கித் தேடிக்கொண்டே போனார்கள்; முடிவில் 14 பேர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். வாஞ்சியின் தியாகத்தை நாம் வணங்குகிறோம். சட்டத்தின் கண் எப்படிப் பார்க்கிறது என்பதை மாத்திரமே இங்கே கவனிக்க வேண்டும்: ஒரு துப்பாக்கி வெடித்தவுடன் எழுகிற விசாரணை, சுட்ட விரலோடு முடிவதில்லை, அந்த ஆயுதத்தைத் தொட்ட ஒவ்வொரு கையையும் அது தேடி வருகிறது. ஆட்சி மாறியும் இந்த வழக்கம் மாறவில்லை, மாறவும் கூடாது.

சுதந்திர இந்தியா 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுத் தனக்கென்று இயற்றிக்கொண்டது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அது 1962 அக்டோபர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன் கீழ் இன்று நடைமுறையில் இருப்பவை 2016-ஆம் ஆண்டு விதிகள். 2019 டிசம்பரில் வந்த திருத்தம் மூன்று முக்கியமான மாறுதல்களைச் செய்தது. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது; லைசென்ஸின் ஆயுளை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது; குற்றங்களுக்கான தண்டனைகளை மிகக் கடுமையாக்கியது. இரண்டுக்கு மேல் வைத்திருந்தவர்கள் மிகுதியை ஓராண்டுக்குள் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று அது விதித்ததால், அதுகாறும் விற்பதைப் பற்றி நினைத்தே பாராத குடும்பங்கள்கூட அதைப் பற்றி யோசிக்க வேண்டியதாயிற்று.

விற்பனைக்கு வேறு காரணங்களும் உண்டு. கரிசல் காட்டில் காட்டுப்பன்றியிடமிருந்து மக்காச்சோளத்தைக் காக்க வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி, விவசாயம் குத்தகைக்குப் போன பிறகு பரண்மேல் கிடக்கிறது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் ஆசையாக வாங்கிய ரிவால்வர், முதுமையில் பாரமாகிறது. தேர்தல் அறிவிப்பு வரும்போதெல்லாம் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பதும் திரும்ப வாங்குவதும் சலிப்பூட்டுகிறது. பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். இவற்றோடு பணத்தின் ஆசையும் சேர்ந்துகொள்கிறது. 1980-களின் நடுவிலிருந்து தனி மனிதர்கள் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டதால், அதற்கு முன் வந்த பழைய ஆங்கிலேய, அமெரிக்க ரிவால்வர்களுக்கு இன்று லட்சக் கணக்கில் கிரயம் கிடைக்கிறது. பொருள் அரியதாக, விலை உயர்ந்ததாக இருக்கிற இடத்தில், அவசரப்படுத்துகிறவர்களும் நிச்சயமாக வந்து சேர்வார்கள்.

அவர்கள் பேசும் பேச்சு எப்போதும் ஒன்றுதான்: “அண்ணாச்சி, ரூபாயை இன்னைக்கே தாரேன், துப்பாக்கியக் குடுத்துருங்க, பேப்பரு வேலையப் பொறவு பாத்துக்கிடலாம்.” பேசுகிறவர் தெரிந்தவராக இருக்கலாம், உறவினராகவே இருக்கலாம், மனத்தில் எந்தக் கபடமும் இல்லாதவராகவும் இருக்கலாம். ஆயினும் அந்தப் ‘பொறவு’ என்ற இடைவெளியில்தான், ஆயுதம் ஒரு வீட்டிலும் அதன் பெயர் இன்னொரு வீட்டிலுமாகப் பிரிந்து நிற்கிறது. எனவே யார் கேட்டாலும் இதற்குச் சம்மதிக்கலாகாது என்பதை முதலிலேயே மனத்தில் ஸ்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.

காகிதத்துக்கு இத்தனை முக்கியத்துவம் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு, தூத்துக்குடித் துறைமுகமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி, ‘சீமேன் கார்டு ஒகையோ’ என்ற கப்பலை இந்தியக் கடலோரக் காவல் படை வழிமறித்து வ. உ. சிதம்பரனார் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான, சியரா லியோன் நாட்டுக் கொடி பறந்த அந்தக் கப்பல், வணிகக் கப்பல்களைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்கும் காவலர்களைச் சுமந்து வந்தது. அதில் 35 துப்பாக்கிகளும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தோட்டாக்களும் இருந்தன. கப்பலில் இருந்த 35 பேரில் 14 பேர் எஸ்தோனியர்கள், 12 பேர் இந்தியர்கள், 6 பேர் பிரிட்டிஷார், 3 பேர் உக்ரேனியர்கள். தங்கள் ஆயுதங்களுக்கு முறையான பத்திரங்கள் உண்டு, எரிபொருளுக்காகவும் கடல் கொந்தளிப்புக்கு அஞ்சியுமே கரையை நெருங்கினோம் என்பது அவர்கள் வாதம். இந்தியக் கடல் எல்லைக்குள் ஆயுதம் வைத்திருக்க இந்தியாவின் அநுமதி எங்கே என்பது சர்க்கார் தரப்பின் கேள்வி.

அந்தக் கேள்வியைச் சுற்றி நான்கு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2014-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டுகளை ரத்துச் செய்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி விசாரணையை நடத்தச் சொன்னது. 2016 ஜனவரி 11-ஆம் தேதி தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பர் 27-ஆம் தேதி மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. இறுதியில் அவர்கள் நிரபராதிகள் என்றே தீர்ப்பாயிற்று. ஆனால் அந்த இறுதி வருவதற்குள் அவர்கள் இழந்த காலத்தையும், கடல் கடந்த ஊர்களில் அவர்களுடைய மனைவி மக்கள் வடித்த கண்ணீரையும் எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்? அது விற்பனை வழக்கு அன்று. வைத்திருந்த குற்றத்தைப் பற்றிய வழக்கு. எனினும், ஆயுத விஷயத்தில் நல்ல எண்ணம் மட்டும் போதாது, பத்திரம் என்று ஒன்று இருப்பதும் போதாது, சரியான இடத்துக்கும் சரியான நாளுக்கும் சரியான மனிதனுக்கும் பொருந்துகிற பத்திரம் வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் உதாரணம் இந்தக் கரையில் வேறில்லை.

இனி, முறையாக விற்க விரும்புகிறவர் செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம். முதலாவது, தம்முடைய துப்பாக்கி விற்கத் தக்கதுதானா என்று அறிவது. தடை செய்யப்பட்ட ரகத்தைச் சேர்ந்த ஆயுதங்களையும், ராணுவமும் போலீசும் உபயோகிக்கும் தோட்டாக்கள் பொருந்துகிற குறிப்பிட்ட ரகங்களையும், மற்றத் துப்பாக்கிகளைப் போல இருவர் தமக்குள் பேசிக் கிரயம் செய்துகொள்ள இயலாது. தடை செய்யப்பட்ட ரகத்துக்கு மத்திய சர்க்காரின் விசேஷ அதிகாரம் வேண்டும் என்று சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. தடை செய்யப்படாத ரகத்து ரிவால்வர், பிஸ்டல், ரைபிள், ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளே சாதாரணக் குடிமக்களிடம் பெரும்பாலும் இருப்பவை. இவற்றைத்தான் தக்க அறிவிப்புடன் விற்கலாம்.

இரண்டாவது, லைசென்ஸையும் துப்பாக்கியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது. லைசென்ஸ் காலாவதியாகாமல் இருக்கிறதா, தேசிய ஆயுத உரிமப் பதிவில் அதற்குரிய தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா, செய்தவன் பெயரும் குழல் அளவும் வரிசை எண்ணும் ஏட்டில் உள்ளபடியே உலோகத்தில் இருக்கின்றனவா என்பவை கவனிக்கத்தக்கவை. நம் கரையில் இதற்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. உப்புக்காற்று இரும்பை அரித்துத் தின்கிற ஊர் இது. எண்ணெய் காணாமல் பல ஆண்டு பெட்டியில் கிடந்த துப்பாக்கியில் எண் மங்கிப் போயிருக்கக்கூடும். அடையாள எண் இல்லாத துப்பாக்கியை விற்பதைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தடுக்கிறது. அதைவிட முக்கியமாக, எண் அழிந்த துப்பாக்கி எவனிடம் இருக்கிறதோ அவனே அதை அழித்தான் என்று, வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரையில், அநுமானிக்கவும் இடம் தருகிறது. ஆகையால் மங்கிய எண்ணைத் தாமே கொத்திச் சீர்ப்படுத்த முயலாமல், உள்ளபடியே அதிகாரிகளிடம் எழுதித் தெரிவிப்பதுதான் விவேகம்.

மூன்றாவது, வாங்குகிறவரின் தகுதி. அவருடைய லைசென்ஸின் நகலைக் கண்டு திருப்தி அடையலாகாது. அசலை வாங்கிப் பார்க்க வேண்டும். புகைப்படம் அவருடையதுதானா, நீங்கள் விற்கும் ரகத்துக்கே அது கொடுக்கப்பட்டதா, வாங்குவதற்குக் குறித்த அவகாசம் முடிந்துவிட்டதா, முன்பே இரண்டு துப்பாக்கிகள் பதிவாகி இடம் நிரம்பியிருக்கிறதா, எந்த ஜில்லா அல்லது மாகாண எல்லைக்குள் அது செல்லும் என்பனவற்றை நிதானமாகப் படிக்க வேண்டும். 21 வயது நிரம்பாதவருக்கும், சட்டம் விலக்கிய சில குற்றங்களில் தண்டனை பெற்றவருக்கும், சித்த சுவாதீனம் இல்லாதவருக்கும் விற்பதை 9-ஆம் பிரிவு தடுக்கிறது. வாங்குபவருக்குத் தகுதி உண்டா என்று முன்கூட்டி அறிந்துகொள்ளாமல் ஆயுதத்தை ஒப்படைப்பதே தனிக் குற்றம் என்று 29-ஆம் பிரிவு கூறுவதால், “அவர் காட்டிய காகிதத்தை நம்பினேன்” என்பது பலமான சமாதானம் ஆகாது. அவருக்கு லைசென்ஸ் வழங்கிய அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுவதுதான் பலமான சமாதானம்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பிரதானமானது. சொந்த உபயோகத்துக்காகச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை, வியாபார லைசென்ஸ் இல்லாமலே, தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்கலாம் என்று 5-ஆம் பிரிவு சலுகை தருகிறது. ஆனால் அந்தச் சலுகையோடு இரண்டு நிபந்தனைகளையும் பிணைத்திருக்கிறது. விற்க உத்தேசித்திருப்பதையும், வாங்கப் போகிறவரின் பெயரையும் விலாசத்தையும், ஜில்லா மாஜிஸ்திரேட்டாகிய கலெக்டருக்கோ அருகிலுள்ள போலீஸ் நிலைய அதிகாரிக்கோ எழுத்து மூலம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து குறைந்தது 45 நாட்கள் கழிய வேண்டும். இதற்கு முன் கொடுத்துவிட்டால், வாங்கியவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும், ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்க 25-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. தகுதியே இல்லாதவனுக்கு விற்றுவிட்டாலோ, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. அநுமதியில்லாத ஆயுத விற்பனையைத் தேசம் எவ்வளவு கொடிய காரியமாகக் கருதுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அந்த 45 நாட்களை அதிகாரிகளின் தாமதம் என்று எண்ணிச் சலித்துக்கொள்ளாமல், விற்பவருக்கே சட்டம் அளித்த கவசம் என்று கருத வேண்டும். வாங்க வருகிறவரைப் பற்றிப் போலீசார் விசாரிக்கவும், ஆட்சேபம் இருந்தால் சொல்லவும், அவர் நோக்கத்தில் குற்றம் இருந்தால் அது வெளிப்படவும் அந்த அவகாசம் உதவுகிறது. அறிவிப்பைக் கையால் கொடுத்தால் தேதியும் முத்திரையும் இட்ட நகலையும், தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலின் ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். நடைமுறையில், அறிவிப்போடு நின்றுவிடாமல், கலெக்டர் அலுவலகத்தில் விற்பனைக்கு எழுத்து மூலமான அநுமதியையோ தடையில்லாச் சான்றையோ பெற்ற பிறகே கைமாற்றுவதுதான் சிலாக்கியம். வாய்மொழியாக யாரோ ஓர் அலுவலர் “சரி” என்றது, ஆறு ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் துணைக்கு வராது. தூத்துக்குடி தனி ஜில்லாவானது 1986 அக்டோபரில்தான் என்பதால், பழைய லைசென்ஸ்களின் மூல ஏடுகள் திருநெல்வேலியில் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைத்து, இரண்டு அலுவலகங்களிலும் பதிவு ஒத்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.

காத்திருக்கும் நாட்களில் துப்பாக்கி உங்கள் வீட்டிலோ ஒப்படைத்த இடத்திலோதான் இருக்க வேண்டும். “ஒரு வாரம் வைத்துப் பார்க்கிறேன்” என்று கேட்பவருக்குக் கொடுக்கலாகாது. லைசென்ஸ்தாரர் கூட இருக்கும்போதும், பழுது பார்ப்பதற்கோ லைசென்ஸைப் புதுப்பிப்பதற்கோ அவர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தின் பேரிலும் பிறர் எடுத்துச் செல்லச் சட்டம் விலக்களிக்கிறதேயன்றி, பரீட்சை பார்க்க இரவல் கொடுப்பதற்கு விலக்கு எதுவும் இல்லை. முன்பணம் வாங்கினால், அதிகாரிகள் மறுத்தால் திருப்பித் தரப்படும் என்ற நிபந்தனையோடு ரசீது எழுத வேண்டும். கிரயத் தொகை வங்கி மூலமே வர வேண்டும். விலையைக் குறைத்து எழுதுவதும், ரொக்கமாக வாங்குவதும், நேர்மையாக நடந்த காரியத்துக்கும் திருட்டுக் காரியத்தின் சாயலைத் தந்துவிடும்.

ஒப்படைக்கும் நாளில், தோட்டா இல்லை என்பதை இருவர் கண்ணாலும் உறுதி செய்த பின்பே துப்பாக்கியைக் கையில் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியின் கடையிலோ, அதிகாரிகள் சொல்லும் இடத்திலோ கைமாற்றுவது, வீட்டுத் திண்ணையில் கைமாற்றுவதைவிட எத்தனையோ மேல். வரிசை எண், தேதி, நேரம், இரு லைசென்ஸ்களின் எண்கள், இரு சாட்சிகளின் கையொப்பம் ஆகியவற்றோடு ஒப்படைப்புப் பத்திரம் இரண்டு பிரதிகள் எழுத வேண்டும். மிஞ்சிக் கிடக்கும் தோட்டாக்களைச் சிநேகத்தின் பேரில் சும்மா கொடுத்துவிடும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. தோட்டாவும் துப்பாக்கியைப் போலவே சட்டத்துக்கு உட்பட்டது. அறிவிப்பில் அதன் எண்ணிக்கையும் இருக்க வேண்டும், வாங்குபவரின் லைசென்ஸில் அனுமதித்த அளவை அது மீறவும் கூடாது.

இத்துடன் காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்து உறங்குகிறவர்களே பின்னால் துன்பப்படுகிறார்கள். வாங்கியவருடைய லைசென்ஸில் அந்தத் துப்பாக்கி பதிவாக வேண்டும். உங்களுடைய லைசென்ஸிலிருந்து அது நீக்கப்பட வேண்டும். கணினிப் பதிவிலும் அந்த மாறுதல் ஏற வேண்டும். இந்த மூன்றும் நடந்ததற்கான எழுத்து உங்கள் கைக்கு வந்த நாளே விற்பனை முடிந்த நாள். அந்தக் காகிதங்களை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து, உயிருள்ளவரை காப்பாற்ற வேண்டும். பிள்ளைகளுக்கும் அவை இருக்குமிடத்தைச் சொல்லி வைக்க வேண்டும்.

இவ்வளவு அலைச்சலைத் தாங்க இயலாத முதியவர்களுக்கு எளிய மார்க்கங்களும் உண்டு. லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடம் ஒப்படைத்து அவர் மூலமாக விற்கலாம். கிரயத்தில் சிறிது குறைந்தாலும், தகுதியை ஆராய்வதும் ஏட்டில் பதிவதும் அவருடைய தொழில் கடமையாகிவிடுகிறது. குடும்பத்திலேயே தகுதியுள்ள வாரிசு இருந்தால், லைசென்ஸ்தாரர் 70 வயதை அடைந்திருந்தாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, தாம் நியமிக்கும் வாரிசின் பெயருக்கு லைசென்ஸ் கோர 2016-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன.

எல்லாரையும்விட எச்சரிக்கை தேவைப்படுகிறவர்கள், லைசென்ஸ்தாரரை இழந்த குடும்பத்தார், விசேஷமாக விதவைகள். கணவருடைய துப்பாக்கி பீரோவில் இருப்பதே காரியம் எல்லாம் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகுதான் அந்த அம்மையாருக்கு நினைவு வரும். அவர் பெயரில் லைசென்ஸ் இல்லாதபோது அதை வீட்டில் வைத்திருப்பதே சட்ட விரோதம் என்பதை எவரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லிக்கொண்டு முதலில் வருகிறவர், அந்த அச்சத்தையே முதலாக வைத்து அடிமாட்டு விலைக்குக் கேட்கும் தரகராக இருப்பார். அந்த அம்மையார் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: அவசரமாக விற்க வேண்டிய நிர்ப்பந்தம் எதுவும் இல்லை, அவசரமாக ஒப்படைக்க வேண்டிய கடமை மட்டுமே உண்டு. 21-ஆம் பிரிவின்படி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ ஆயுத வியாபாரியிடமோ தாமதமின்றி ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டால், அந்த ஆயுதத்தின் மேல் குடும்பத்துக்குள்ள பாத்தியதை போய்விடாது. விதிகள் குறித்த காலத்துக்குள், தகுதியுள்ளவருக்கு விற்கச் செய்து கிரயத்தைப் பெறும் உரிமை சட்டபூர்வமான வாரிசுக்கு உண்டு. அந்தக் காலம் கடந்தால் மட்டுமே அது சர்க்காருக்குப் பறிமுதலாகும். ஆகவே தரகருக்குக் கதவைத் திறக்கு முன், போலீஸ் நிலையத்துக்கு நடந்துவிட வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுகள் நம் தேசத்தில் மட்டுமே உள்ள உபத்திரவம் என்று யாரும் எண்ண வேண்டாம். பிரிட்டனில் இத்தகைய ஆயுதத்தை நேருக்கு நேர் நின்று ஒப்படைக்க வேண்டும், ஏழு நாட்களுக்குள் போலீசாருக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்று 1997-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நம்மவர்கள் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள கனடாவில், கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் கட்டுப்பாட்டுக்குட்பட்ட ரகமாகப் பதிவு செய்யப்பட்டு, பதிவாளர் வழியாகவே கைமாறி வந்தன. 2022 அக்டோபர் 21-ஆம் தேதி முதல் தனி மனிதர்கள் தமக்குள் கைத்துப்பாக்கியை விற்பதையும் வாங்குவதையுமே அந்நாடு பெரும்பாலும் நிறுத்திவிட்டது. நம் சட்டமோ விற்கும் உரிமையைப் பறிக்கவில்லை. எழுதித் தெரிவி, 45 நாள் பொறு என்றுதான் கேட்கிறது. ஒரு மனித உயிரின் விலையை நினைத்தால் இது பெரிய நிபந்தனை அன்று.

அந்நியன் ஆயுதத்தைப் பறித்தபோது நம் ஜனங்களை அவன் நம்பவில்லை. நம்முடைய சட்டம் லைசென்ஸ் கொடுத்தபோது நம்மை நம்பிற்று. அந்த நம்பிக்கைக்கு நாம் செய்யும் கைம்மாறு, நம் கையைவிட்டுப் போகும் ஆயுதம் தகுதியற்ற கைக்குப் போகாதபடி பார்த்துக்கொள்வதே. ஆகவே வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விற்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்றைக்கே லைசென்ஸை எடுத்து, காலமும் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள், உங்களுக்குப் பின் என்ன செய்ய வேண்டும் என்பதை மனைவி மக்களுக்கு ஒரு தாளில் எழுதி வையுங்கள், விற்பதானால், முதல் கடிதத்தை வாங்குகிறவருக்கு எழுதாமல் கலெக்டருக்கு எழுதுங்கள்.